கடைமடைக்கும் மின்சாரம்

ஏரியில் நீர் ததும்பி நிற்க, கடைமடை வயல் வெடித்துக் கிடப்பதைக் காணும் உழவர் எவரும், நாட்டில் நீரே இல்லை என்று சொல்லமாட்டார். வாய்க்கால் தூர்ந்துவிட்டது, தலைமடைக்காரர் மடையை அகலத் திறந்துகொண்டார், நீர்க்கட்டி தம் கடமையில் தவறினார் என்று காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பார். நீர் இருப்பது வேறு. அது வேண்டிய அளவில் வயலுக்கு வந்து சேர்வது வேறு. மின்சாரத்தின் நிலையும் இதுவே. கம்பியில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் தெருவின் கடைசி வீட்டுக்கு வரும்போது அதற்கு வலுவில்லை. இதனையே நம் அங்கத்தினர்கள் "லோ வோல்டேஜ்" என்று அன்றாடம் குறைகூறி வருகின்றனர்.

பெரிய காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் மாலை ஏழு மணிக்கு நடந்து செல்வோர் இதனைத் தம் கண்ணாலேயே காணலாம். டிரான்ஸ்பார்மருக்கு அருகிலுள்ள வீடுகளில் மின்விசிறி விரைந்து சுழலும். தெருக்கோடியில் அதே விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். தலைமாட்டு வீட்டாருக்கும் கோடி வீட்டாருக்கும் கட்டண விகிதம் ஒன்றே. பெறுவது மட்டும் ஒன்றன்று. இக்குறையைத் தீர்ப்பதற்கு வழி என்ன, அதில் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிய பங்கு என்ன என்பதைப் பற்றி நம் கருத்தை அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சங்கங்களின் கணக்குகளையும் செலவுச் சீட்டுகளையும் பார்வையிடும் பணியில் இருக்கும் நம் கண்ணில், அண்மைக் காலமாக மோட்டார் காயில் கட்டிய கூலியும், ஸ்டெபிலைசர் வாங்கிய செலவும் அடிக்கடி படுகின்றன. ஒரு சங்கத்தில், பொதுநல நிதியிலிருந்து அங்கத்தினர் வீடுதோறும் ஸ்டெபிலைசர் வாங்கித் தரலாம் என்ற யோசனையும் எழுந்துள்ளது. யோசனை நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆயினும் அது தவறானது என்பது நம் உறுதியான கருத்து. ஏன் என்பதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தறிக்கும் கிணற்றுக்கும் நேரும் கேடு

குழித்தறிக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்போர் உண்டு. கையும் காலும் இயக்கும் தறிதான் அது. ஆயினும் அதனைச் சுற்றியுள்ள வேலைகளில் பல இன்று மின்சாரத்தை நம்பி நிற்கின்றன. பட்டு முறுக்கும் யந்திரமும் தார் சுற்றும் யந்திரமும் மோட்டாரில் ஓடுகின்றன. ஜக்கார்டுப் பெட்டியின் பளுவை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த நெசவாளர்க்கு உதவியாக, அதனை மோட்டாரால் தூக்கும் அமைப்பும் பல தறிகளில் வந்துவிட்டது. இவையனைத்துக்கும் மேலாக வெளிச்சம் வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்யும் பட்டில், ஓர் இழை தவறினாலும் அது கண்ணுக்குப் புலப்படும். சரிகையின் நிறமும் பட்டின் நிறமும் மங்கிய ஒளியிலோ, விட்டு விட்டுச் சிமிட்டும் விளக்கிலோ சரியாகத் தெரிவதில்லை. தவறிய இழைக்கு உரிய கழிவு, நெசவாளரின் கூலியிலேதான் விழுகிறது.

மோட்டாருக்கு நேரும் கேடு இன்னும் கொடியது. மின்னழுத்தம் குறையும்போது மோட்டாரின் திருகு விசை அதே விகிதத்தில் குறைவதில்லை. அவ்விகிதத்தின் வர்க்கமாகக் குறைகிறது. 240 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால் அழுத்தம் முக்கால் பங்கு. விசையோ முக்காலின் முக்கால், அதாவது நூற்றுக்கு 56 பங்குதான். தூக்கவேண்டிய பளுவோ குறையவில்லை. எனவே மோட்டார் திணறிக் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கிறது. அதனால் கம்பிச் சுருள் சூடேறுகிறது. காப்புப் பூச்சு கருகுகிறது. ஒரு நாள் காயில் எரிந்துவிடுகிறது.

உழவர் நிலையும் இவ்வாறே. பாலாற்றுப் படுகையில் மேலே நீரோட்டம் அரிதாகி, ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழும் விவசாயிக்கு, நீர்மூழ்கி மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் கூலி மட்டுமா செலவு? குழாயை மேலே ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும். அது முடியும்வரை பயிர் காத்திருக்காது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் சில நாள் நீர் தவறினால், அறுவடையின் பெரும்பகுதி பதராகிவிடும்.

அழுத்தம் ஏன் குறைகிறது?

மின்சாரம் உயர் அழுத்தத்தில் துணை மின்நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து 11,000 வோல்ட் அழுத்தத்தில் ஊருக்குள் புகுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் அதனை நாம் பயன்படுத்தும் அளவுக்குத் தாழ்த்தித் தருகிறது. அதன்பின் கம்பத்துக்குக் கம்பம் தாழ்வழுத்தக் கம்பி செல்கிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு மிகுதியோ, கம்பி எவ்வளவு நீளமோ, எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்கு வழியில் அழுத்தம் வீழ்கிறது. வாய்க்கால் நீண்டும் குறுகியும் இருந்தால் கடைமடைக்கு நீர் குறைவதைப் போன்றதே இது.

இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் நலம். 100 கே.வி.ஏ. அளவுள்ள மின்சக்தியை 415 வோல்ட்டில் மும்முனைக் கம்பியில் அனுப்பினால் ஏறக்குறைய 139 ஆம்பியர் ஓடும். அதனையே 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 5 ஆம்பியருக்குச் சற்று மேல். அதாவது 26-இல் ஒரு பங்கு. ஒரே பருமனுள்ள கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தியோ ஏறக்குறைய 700-இல் ஒரு பங்காகிவிடும். உயர்வழுத்தக் கம்பி நீளமாகவும், தாழ்வழுத்தக் கம்பி குறுகியதாகவும் இருக்கவேண்டும் என்று பொறியாளர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. நம் ஊர்களில் நடந்திருப்பது இதற்கு நேர்மாறு. புதிய வீடு எழும்போதெல்லாம் இன்னொரு கம்பம், இன்னும் சிறிது கம்பி என்று தாழ்வழுத்த வழி வால் நீண்டுகொண்டே போயிற்று.

நம் மாநிலத்து மின்சார வரலாற்றை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் அணை நிலையம் 1937-இலும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957-இல் மின்சார வாரியம் அமைந்தபின், நகரும் கிராமமும் என்ற வேற்றுமையின்றி மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பதே பெருநோக்கமாயிற்று. வீட்டுக்கு இரண்டு விளக்கு, வயலுக்கு ஒரு சிறு மோட்டார் என்று எண்ணிக் கம்பி இழுத்த காலம் அது. அந்த எண்ணம் அக்காலத்துக்குச் சரியானதே; கிராமங்களுக்கு விளக்குக் கொண்டுவந்த பெருமை அதற்குண்டு. ஆனால் இன்று அதே தெருக்களில் குளிர்சாதனப் பெட்டி, மாவரைக்கும் யந்திரம், மின்னடுப்பு, வெந்நீர்க் கலம், ஏ.சி., மின்சார ஸ்கூட்டர் என்று சுமை பெருகிவிட்டது. வயலில் நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரின் குதிரைத்திறன் ஏறிக்கொண்டே போகிறது. கம்பி மட்டும் பழையதாகவே இருக்கிறது. இணைப்புகளில் துரு ஏறி, முடிச்சுகள் தளர்ந்து, ஒவ்வொரு முடிச்சும் ஒரு சிறு தடையாகி நிற்கிறது.

மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டியைப் போன்ற அமைப்பு மின்சாரத்திலும் உண்டு. துணை மின்நிலையத்தின் பெரிய டிரான்ஸ்பார்மரில், சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் சாதனம் இருக்கிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர்களில் அத்தகைய வசதி பொதுவாக இல்லை. சிலவற்றில் "டாப்" எனப்படும் படிகள் உண்டு. ஒரு படிக்கு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரை வீதம் அழுத்தம் மாறும். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அதனை மாற்ற இயலும். மாலை நெருக்கடிக்காக அதனை உயர்த்தி வைத்தால், ஊர் உறங்கும் நள்ளிரவில் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறி விளக்குகள் கெடும். ஆகவே, டாப்பை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது சரியன்று.

ஸ்டெபிலைசர் ஏன் தீர்வன்று?

ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. குறைந்த அழுத்தத்தில் வருவதை உயர்த்தித் தருவதற்காக, அது கம்பியிலிருந்து கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கிறது. 240 வோல்ட்டில் 1,000 வாட் பெறுவதற்கு ஏறக்குறைய 4.2 ஆம்பியர் போதும். 180 வோல்ட் வரும் இடத்தில் அதே 1,000 வாட்டைப் பெற 5.6 ஆம்பியர் வேண்டும். நூற்றுக்கு 33 கூடுதல். அக்கூடுதல் ஓட்டம் அதே மெல்லிய கம்பியில்தான் வரவேண்டும். ஆதலால் அக்கம்பியில் அழுத்தம் மேலும் வீழ்கிறது. ஒரு வீட்டார் வாங்கினால் அவ்வீட்டார்க்கு நலம். தெருவார் அனைவரும் வாங்கினால் எவர்க்கும் நலமில்லை. வாங்க வசதியில்லாத ஏழை நெசவாளர்க்கோ முன்னிருந்த வெளிச்சமும் போய்விடும்.

தலைமடைக்காரர் மடையை அகலமாக்கினார் என்று கடைமடைக்காரரும் தம் வரப்பை வெட்டினால் ஏரிப் பாசனம் என்னவாகும்? ஒருவர் தம் நலத்தைத் தனியே தேடிக்கொள்வது பிறர்க்குக் கேடாக முடியும் இடத்திலேதான் கூட்டுறவு பிறக்கிறது. அங்கத்தினர் அனைவர்க்கும் சொந்தமான நிதியைக் கொண்டு, அங்கத்தினரின் கேட்டினைப் பெருக்குவது முறையாகாது. ஜக்கார்டு மோட்டார் முதலிய சில யந்திரங்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பாக அதனை ஒருவர் தம் செலவில் வைத்துக்கொள்வதை நாம் குறைகூறவில்லை. அதனையே சங்கத்தின் தீர்வாகக் கொள்வதைத்தான் மறுக்கிறோம்.

நம் பங்கிலுள்ள குற்றம்

இவ்விடத்தில் சில கசப்பான உண்மைகளையும் சொல்லவேண்டியிருக்கிறது. எல்லாக் குற்றத்தையும் கம்பியின்மேல் சுமத்துவது நேர்மையன்று.

ஐந்து குதிரைத்திறனுக்கு அனுமதி பெற்று ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாரை இறக்கியிருப்போர் நம் விவசாய அங்கத்தினருள் இல்லையா? ஏட்டிலுள்ள சுமையைக் கூட்டிப் பார்த்து டிரான்ஸ்பார்மர் போதும் என்று பொறியாளர் எழுதுகிறார். கம்பியிலுள்ள சுமையோ வேறாக இருக்கிறது. ஏட்டில் இல்லாத சுமைக்கு எவரும் டிரான்ஸ்பார்மர் தரமாட்டார்.

இரு முனை மட்டும் வரும் நேரத்தில் கெபாசிட்டரை இடையிட்டு மும்முனை மோட்டாரை ஓட்டும் வழக்கமும் பரவியுள்ளது. இதனால் முனைகளின் சமநிலை கெட்டு, அண்டை வீட்டு விளக்கு மங்குகிறது. ஓட்டியவரின் மோட்டாரும் விரைவில் கெடுகிறது. மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானே இயங்கும் ஸ்டார்ட்டர்களை எல்லாக் கிணறுகளிலும் பொருத்தியிருப்பதால், அத்தனை மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்புகின்றன. கிளம்பும்போது மோட்டார் இழுப்பது வழக்கமான ஓட்டத்தைப்போல் பல மடங்கு. தேர் வடத்தை எல்லோரும் சேர்ந்து இழுப்பது சிறப்பு; மோட்டாரை எல்லோரும் ஒரே நொடியில் கிளப்புவது கேடு. கிணற்றுக்குக் கிணறு சில நிமிடம் தள்ளிக் கிளம்புமாறு காலந்தாழ்த்தும் அமைப்பை வைத்துக்கொண்டால் இக்கேடு பெரிதும் தணியும்.

தக்க அளவுள்ள கெபாசிட்டரை மோட்டாருடன் முறைப்படி இணைப்பது நன்மை தரும். மோட்டாரின் சக்திக் காரணி 0.7-இலிருந்து 0.9 ஆக உயர்ந்தால், கம்பியில் 100 ஆம்பியர் ஓடிய இடத்தில் 78 ஆம்பியர் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு முறை காயில் கட்டும் கூலியைவிடக் குறைவாகவே இருக்கும்.

மின் நிறுவனம் செய்யவேண்டுவன

நம் வீட்டைத் திருத்திக்கொண்டபின் மின் பகிர்மான நிறுவனத்திடம் கேட்கும் உரிமை நமக்கு முழுமையாகிறது. கேட்கும்போதும் முறையறிந்து கேட்கவேண்டும். "புது டிரான்ஸ்பார்மர் வேண்டும்" என்று ஒரே குரலில் முழங்குவதால் காரியம் ஆகாது. செலவு குறைந்த திருத்தங்கள் முதலில் வரவேண்டும்.

முதலாவது, தளர்ந்த இணைப்புகளை இறுக்குதலும், மரக்கிளைகளை அகற்றுதலும், நியூட்ரல் கம்பியையும் நில இணைப்பையும் சீராக்குதலும். இரண்டாவது, மூன்று முனைகளுக்கும் வீடுகளைச் சமமாகப் பங்கிடுதல். ஒரு முனையில் நாற்பது வீடும் இன்னொன்றில் பதினைந்து வீடும் இருந்தால் முதல் முனை வாடாமல் என்ன செய்யும்? இவ்விரண்டுக்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. உழைப்பும் மேற்பார்வையும் போதும்.

மூன்றாவது, சுமையின் நடுவிடத்துக்கு டிரான்ஸ்பார்மரைக் கொண்டு வருதல். தெருவின் ஒரு முனையிலுள்ள பெரிய டிரான்ஸ்பார்மரைவிட, நடுவே வைக்கப்படும் இரண்டு சிறியவை மேலானவை. வயல்வெளியில் இதனையே இன்னும் விரித்து, 11,000 வோல்ட் கம்பியைக் கிணறுகளின் அருகுவரை கொண்டு சென்று, சில மோட்டார்களுக்கு ஒன்றாக 16 அல்லது 25 கே.வி.ஏ. அளவுள்ள சிறு டிரான்ஸ்பார்மர் வைக்கும் முறை இந்தியாவின் பல பகுதிகளில் கையாளப்படுகிறது. நான்காவது, பழைய மெல்லிய கம்பிகளை மாற்றித் தடித்த கம்பி அல்லது காப்பிட்ட முறுக்குக் கேபிள் போடுதல். ஐந்தாவது, நீண்ட 11,000 வோல்ட் வழிகளில் கெபாசிட்டர் தொகுதிகளையும், தானே அழுத்தத்தைச் சீராக்கும் சாதனங்களையும் இடையிலே வைத்தல்.

கூரைச் சூரிய மின்சாரம் பரவி வரும் இக்காலத்தில் இன்னொரு புதுமையும் தோன்றியுள்ளது. 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தால் வீட்டுக் கூரைகளில் சூரியப் பலகைகள் பெருகுகின்றன. நடுப்பகலில் அவை கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்போது, கடைமடையில் அழுத்தம் குறைவதற்குப் பதிலாக ஏறிவிடக்கூடும். ஜெர்மனியில் இந்நிலை முன்னரே தோன்றிற்று. அங்கே சூரிய மின்சார இன்வெர்ட்டர்களே அழுத்தத்தைக் கட்டுப்படுத்த உதவவேண்டும் என்று விதி செய்தனர். தெருமுனை டிரான்ஸ்பார்மரிலும் தானியங்கிப் படிமாற்றியை வைக்கத் தலைப்பட்டனர். பகலில் மிகுதி, மாலையில் குறைவு என்ற இரட்டை நிலைக்கு, நிலையாக நிற்கும் டாப் ஈடுகொடுக்காது. நம் வழிகளைப் புதுப்பிக்கும்போது இதனையும் கருதிச் செய்தால், செய்த வேலையை மீண்டும் செய்ய நேராது.

பணம் எங்கே என்ற கேள்வி எழும். பகிர்மான நிறுவனங்களைச் சீரமைப்பதற்கென்றே மத்திய அரசு 2021-இல் மூன்று இலட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஸ்மார்ட் மீட்டர்களும், விவசாய மின்வழிகளைத் தனியே பிரிப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். டிரான்ஸ்பார்மர்களில் பொருத்தப்படும் மீட்டர்கள், கட்டணக் கணக்குக்கு மட்டுமன்றி, எத்தெருவில் எந்நேரத்தில் அழுத்தம் வீழ்கிறது என்று கண்டறியவும் பயன்படவேண்டும். மேலும், வழியிழப்புக் குறைந்தால் மிச்சமாவது நிறுவனத்தின் பணமே.

இலவசம் பெறுவோர் கேட்கலாமா?

"இலவசமாக மின்சாரம் பெறும் நாம் தரம் வேண்டும் என்று கேட்கலாமா?" என்று தயங்கும் அங்கத்தினரை நாம் கண்டிருக்கிறோம். கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் என்று 2006-இல் தொடங்கிய சலுகை, 2016-இல் 200 யூனிட்டாகவும், 2023 மார்ச்சில் 300 யூனிட்டாகவும் உயர்ந்தது. விவசாயத்துக்கு 1990 முதல் கட்டணமில்லை. ஆனால் இச்சலுகை மின் நிறுவனம் தரும் தானமன்று. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி, மாநில அரசு ஒரு வகுப்பாருக்குச் சலுகை அளித்தால், அதற்குரிய தொகையை அரசே நிறுவனத்துக்குச் செலுத்தவேண்டும். ஆகவே நாமும் மற்றெவரையும் போன்ற நுகர்வோரே. 300 யூனிட் இலவசம் என்பது ஏட்டில் அழகாயிருக்கலாம். அந்த யூனிட்டுகள் மோட்டாரைச் சுழற்றும் வலுவுடன் வாராவிட்டால், நெசவாளர்க்கு அதனால் ஆவதென்ன?

தாழ்வழுத்த இணைப்புகளில் அறிவிக்கப்பட்ட அழுத்தத்துக்கு மேலும் கீழும் நூற்றுக்கு 6 வரையே மாறலாம் என்பது விதி. 240 வோல்ட் என்று கொண்டால், ஏறக்குறைய 226 முதல் 254 வரை. இந்த எல்லை மீறப்பட்டால் முறையிடவும், குறித்த நாளுக்குள் குறை தீராவிட்டால் இழப்பீடு கேட்கவும் வழியுண்டு. உதவி மின் பொறியாளரிடம் மனு. அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர் என்று சட்டம் படிகளை வகுத்திருக்கிறது. படிகள் இருக்கின்றன, ஏறுவோர்தான் இல்லை. ஏனெனில், "வோல்டேஜ் இல்லை" என்று வாயால் சொல்லும் முறையீட்டுக்குச் சான்று இல்லை.

சங்கம் செய்யவேண்டுவது

அந்தச் சான்றினைத் தருவதே சங்கத்தின் வேலை. தெருவுக்கு ஒரு சிறு வோல்ட் மீட்டர் வாங்குக. பிளக்கில் செருகினால் எண்ணைக் காட்டும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிரான்ஸ்பார்மருக்கு அருகில் ஒரு வீடு, நடுவில் ஒன்று, கோடியில் ஒன்று எனத் தெரிந்தெடுத்து, அங்குள்ளோர் காலை ஆறு, நண்பகல், மாலை ஏழு, இரவு பத்து ஆகிய நான்கு வேளையும் பதினான்கு நாள் எண்ணைக் குறித்து வைக்கட்டும். எவரும் கம்பத்தையோ பீஸ் பெட்டியையோ தொடலாகாது. வீட்டுப் பிளக்கில் பார்ப்பதே போதும்.

இந்தப் பதிவேடு பேசும். ஒரு வீட்டில் மட்டும் குறைவாயின், குறை அவ்வீட்டின் சர்வீஸ் கம்பியிலோ இணைப்பிலோ இருக்கும். மூன்று வீட்டிலும் நாள் முழுதும் ஒரே அளவில் குறைவாயின், டாப்பையோ மேல்நிலை வழியையோ பார்க்கவேண்டும். கோடி வீட்டில் மாலையில் மட்டும் குறைவாயின் சுமை மிகுதி, கம்பி போதவில்லை என்பது தெளிவு. சில வீடுகளில் விளக்கு மங்கி, சில வீடுகளில் அளவுக்கு மேல் பளிச்சிட்டால், நியூட்ரல் அறுந்திருக்கக்கூடும். அப்போது குறித்து வைத்துக் கொண்டிராமல், மெயின் சுவிட்சை நிறுத்தி உடனே தகவல் தரவேண்டும். அது உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தானது.

பதினான்கு நாள் பதிவேட்டுடன், அங்கத்தினர் கையொப்பமிட்ட ஒரே மனுவைச் சங்கத்தின் தீர்மானத்தோடு கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுக. தனியொருவரின் முறையீடு காற்றில் போகலாம். எண்களுடன் வரும் சங்கத்தின் தீர்மானத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். நல்ல பொறியாளர் இதனை வரவேற்கவும் செய்வார். மேலதிகாரியிடம் நிதி கேட்க அவருக்கும் இதுவே சான்றாகிறது.

கூட்டுறவாளர் மின்சாரத்தில் தலையிடுவது புதிதன்று. அமெரிக்க நாட்டில் 1935-இல் கிராம மின்சார நிர்வாகம் ஏற்பட்டபின், தனியார் கம்பெனிகள் எட்டிப் பாராத பண்ணைகளுக்கு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களே கம்பி இழுத்தன. நம் நாட்டில், நெசவுக்குப் பெயர்பெற்ற தெலங்கானாவின் சிரிசில்லாவில் 1970-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அரை நூற்றாண்டைக் கடந்தும் நடந்து வந்துள்ளது. எல்லாம் வெற்றியே என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தின் முளா-பிரவரா சங்கம் நிலுவை பெருகி, 2011-இல் பகிர்மான உரிமையை இழந்தது. நாம் கம்பியை ஏற்று நடத்தவேண்டும் என்று கேட்கவில்லை. கம்பியின் நிலையை அளந்து சொல்லும் அறிவையாவது ஏற்கவேண்டும் என்றே கேட்கிறோம்.

இவ்வூருக்கு அது இயலாதா? கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே, அக்டோபரில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைப் பதிவு செய்தது இந்தக் காஞ்சிபுரம். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பேண ஏரி வாரியம் அமைத்ததைக் கல்வெட்டு இன்றும் கூறி நிற்கிறது. தம் ஏரியை எவரோ வந்து பேணுவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தாமே ஆள் தெரிந்து பேணினர்.

ஆதலின், அடுத்த பொதுக்குழுவில் ஸ்டெபிலைசர் யோசனை வருமாயின், அதனை மறுத்து, தெருவுக்கு ஒரு மீட்டரும் ஒரு பதிவேடும் வாங்கத் தீர்மானம் செய்யுமாறு அங்கத்தினரை வேண்டிக்கொள்கிறோம். விவசாய அங்கத்தினர் தம் மோட்டாரின் உண்மையான குதிரைத்திறனைப் பதிவு செய்துகொள்ளவும் அதே கூட்டத்தில் உறுதி கூறட்டும். செலவு சொற்பம், தேவை பதினான்கு நாள் பொறுமை. டிரான்ஸ்பார்மருக்கு அருகில் குடியிருந்து, குறை ஏதும் காணாத அங்கத்தினரே முதற் கையொப்பம் இடுவாராயின், அதனைவிடச் சிறந்த கூட்டுறவு வேறில்லை.